இரண்டு பானைச் சோறு

யாக்கோபு கண்டக்டரை விருந்துக்கு அழைத்துவிட்டு வந்து, பெரிய காரியம் சாதித்தவன்போல் வாசலிலேயே நின்று சொன்னான்.

"கிறிஸ்துமஸ் அன்னைக்கு மத்தியானச் சாப்பாடு நம்ம வீட்டுலதான். வாரேன்னுட்டாரு மேரி. ஒரு பேச்சுக்குக்கூட மாட்டேங்கல."

இன்பமேரி அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்து, கொழுந்து கிள்ளும்போது நனையாமல் இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை ஈரத்தோடு அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டுக் கூப்பிட்டீங்க? அவரு வாய்க்கு என்னத்தப் போட?"

"எஸ்தருக்காகத்தாம்ட்டி."

தேயிலைத் தோட்டத்தில் கண்டக்டர் என்றால் பஸ்ஸில் சீட்டுக் கிழிப்பவர் அல்ல. மலை வேலையை மேற்பார்ப்பவர். யாரை எந்த மலைக்கு விடுவது, யார் பெயரை நிரந்தர வேலையில் சேர்ப்பது என்று மேலே எழுதிக் கொடுப்பவர். வண்டிப்பெரியாருக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் சென்னிமலை என்பவர் கண்டக்டராக இருந்தார். பாலக்காட்டுக்குக் கிழக்கே எருத்தேன்பதிக்காரர். இன்பமேரியின் மகள் எஸ்தர் இரண்டு வருஷமாகத் தற்காலிகத்தில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தாள். மழைக்காலம் வந்தால் முதலில் நிறுத்தப்படுவது அவள்தான். புது வருஷத்தில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு. யாக்கோபுக்குத் தெரிந்த ஒரே வழி, எழுதுகிற கைக்குச் சோறு போடுவது.

அது எழுபத்து நாலாம் வருஷம். ரேஷன் அரிசி வாரத்தில் பாதி நாளுக்குக்கூடக் காணாது. மீதி நாளெல்லாம் கப்பக்கிழங்கும் பாலில்லாத கட்டன்சாயாவும்தான். போனஸ் காசு எஸ்தருக்கு ஒரு தாவணி, யாக்கோபுக்கு ஒரு சட்டை, கோயில் வரி என்று ஏற்கெனவே பிரிந்துபோயிருந்தது. மிச்சத்தில் கிறிஸ்துமஸுக்கு ஒரு கோழிக்குழம்பும் சோறும் செய்து, அடுத்த வீட்டு முத்துப்பேச்சியையும் அவள் பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சாப்பிடுவதென்றுதான் இன்பமேரி நினைத்திருந்தாள். தீபாவளிக்கு முத்துப்பேச்சி வீட்டில் இவர்கள் சாப்பிட்டாயிற்று. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் இங்கே. வருஷா வருஷம் அப்படித்தான்.

"சேவல் நம்மகிட்ட இருக்கு," என்றான் யாக்கோபு. "நெய்ச்சோறு ஆக்கிரு. கடைசில கொஞ்சம் பாயசம். அவ்வளவுதான. புதுக் கடைல சலுகைப் பை போட்டிருக்கானாம். ஜீப்புல விளம்பரம் சொல்லிட்டுப் போனான், கேக்கலயா?"

அவளும் கேட்டிருந்தாள். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே அந்த வருஷம் திறந்த மளிகைக்கடை. அரிசி, சர்க்கரை, மைதா, வனஸ்பதி, உலர்ந்த திராட்சை எல்லாம் ஒரே பையில். தனித்தனியாக வாங்குவதைவிட முக்கால் விலைதான். பையைப் பிரித்து ஒன்றை மட்டும் தரமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளும் முத்துப்பேச்சியும் கடைத்தெருவுக்கு இறங்கினார்கள். இன்பமேரி முந்தானையில் காசை முடிந்துகொண்டு முதலில் சிக்கந்தர் ராவுத்தர் கடையில் விலை கேட்டாள். பாலக்காட்டிலிருந்து வந்து பல காலமாகக் கடை வைத்திருப்பவர். அவர் சொன்ன விலையில் நெய்ச்சோற்று அரிசி வாங்கினால் அதோடு கை காலி. சர்க்கரைக்கு வழியில்லை.

"அந்தப் புதுக் கடைக்காரனுக்கு மட்டும் எப்பிடிக் கட்டுபடியாகுது பாய்?"

சிக்கந்தர் தராசுத் தட்டைத் துணியால் துடைத்தார். "ஒரு யாவாரியப் பத்தி இன்னொரு யாவாரி பேசுனா அது பொறாமைன்னுதான் ஆவும். நான் சொல்றது ஒண்ணுதாம்மா. கையில அள்ளி மோந்து பாத்து வாங்குங்க."

"அது வாயத் தைச்ச பையாம்."

"அப்ப உங்க இஷ்டம்."

பொறாமைதான் என்று இன்பமேரி நினைத்தாள். வெளியே வந்ததும் முத்துப்பேச்சியிடம் அப்படியே சொல்லவும் செய்தாள்.

புதுக் கடையில் இரண்டு மூன்று தோட்டத்துச் சனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கடைக்காரன் ஸ்டூலின் மேல் ஏறி நின்று, இன்றைக்கு விட்டால் கிடைக்காது என்று கத்திக்கொண்டிருந்தான். முத்துப்பேச்சியும் பொங்கலுக்கு ஆகட்டும் என்று ஒரு பை வாங்கினாள். மிச்சம்பிடித்த காசில் இன்பமேரி திரும்பவும் சிக்கந்தர் கடைக்குப் போய்ச் சிறிது நெய்யும் ஏலக்காயும் வாங்கினாள். அவர் அவள் தலையிலிருந்த பையைப் பார்த்தார். நெய்யை நிறுத்துக் கொடுத்தார். மேடு ஏறும்போது இன்பமேரி சந்தோஷமாகத்தான் இருந்தாள். நெய்ச்சோறு, குழம்பு, பாயசம், மைதாவில் கொஞ்சம் அச்சுமுறுக்கு என்று மனத்துக்குள்ளேயே சமைத்துக்கொண்டு வந்தாள்.

தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்ததும் அரிவாள்மணையால் தையலை அறுத்தாள். வாய் திறந்ததும் ஒரு வாடை எழுந்தது. மழையில் நனைந்து மூலையில் கிடந்த சாக்கின் வாடை, அதற்கு அடியில் செத்த எலி போன்ற இன்னொன்று. கையை விட்டு அள்ளினாள். அரிசி தனித்தனியாக வரவில்லை. நூலாம்படை மாதிரி ஏதோ ஒன்று மணிகளைப் பின்னிப் பிடித்து, கட்டி கட்டியாக வந்தது. ஒரு கட்டியை உடைத்தாள். உள்ளே தவிட்டுநிறத் தலையுள்ள வெள்ளைப் புழுக்கள் நெளிந்தன. ஒன்று விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறப் பார்த்தது. அவள் கையை உதறினாள். பிறகு பாவாடையில் துடைத்தாள். துடைத்த இடத்தைப் பார்க்கக் கூசியது.

மற்றவையும் அப்படித்தான். சர்க்கரை வியர்த்துப் பிசுபிசுத்தது. மைதாவைத் தட்டில் கொட்டியதும் அது தானாக அசைந்தது. வனஸ்பதி மஞ்சள் பாரித்து, எண்ணெய்ச் சட்டியைக் கழுவாமல் விட்ட சிக்கு வாடை அடித்தது. திராட்சைக்குள் கரப்பான்பூச்சியின் கால்கள் கிடந்தன. எலிப்புழுக்கையும் திராட்சையும் ஒரே அளவில் இருந்ததால் எது எதென்று எஸ்தர் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

அடுத்த வீட்டிலிருந்து முத்துப்பேச்சியும் பையோடு வந்துவிட்டாள். "யக்கா, இத மனுசன் திம்பானா?"

இருவரும் மறுநாள் வேலை விட்டதும் பைகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்கள். கடைக்காரன் பைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"தையலைப் பிரிச்சாச்சுல்ல? பிரிச்சதத் திருப்பி எடுக்கிறதில்ல."

"பிரிக்காம உள்ள என்ன இருக்குன்னு எப்பிடிய்யா தெரியும்?" என்றாள் இன்பமேரி.

"புழு இருந்தா நல்ல அரிசின்னு அர்த்தம்மா. மருந்தடிக்காதது. வெந்நீருல போடு, மெதக்கும். எடுத்துப் போட்டுட்டு ஆக்கு. உங்க லயத்துல இதுக்கு முன்னாடி புழுவே பாக்காத மாதிரி பேசுதீங்க."

உள்ளே மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்தார்கள். முத்துப்பேச்சி கடைப் படியில் காறித் துப்பிவிட்டு இறங்கினாள். இன்பமேரிக்குத் துப்பக்கூட வாயில் எச்சில் இல்லை. நாக்கு வறண்டு, அந்த அரிசி வாடையே வாய்க்குள் இருந்தது.

கையில் மிஞ்சியிருந்த சில்லறையைக் கொண்டுபோய்ச் சிக்கந்தரிடம் கொடுத்தாள். அதற்கு ஒரு ஆள், கூடிப்போனால் ஒன்றரை ஆள் சாப்பிடும் அரிசிதான் வந்தது. அவர் மேலே ஒரு கை அள்ளிப் போட்டார். "நான் அன்னைக்கே பச்சையாச் சொல்லியிருக்கணும்," என்றார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

யாக்கோபு இரண்டு அரிசியையும் மாறி மாறிப் பார்த்தான். மிகவும் சுலபமான ஒரு காரியத்தைச் சொல்வதுபோல் சொன்னான்.

"ரெண்டு பானையா வச்சிரு. நல்லது அவருக்கு. இதக் கழுவி நமக்கு."

"முத்துப்பேச்சி வருவா. பிள்ளைங்க வரும்."

"கொழம்ப ஊத்துனா தெரியவா போகுது?"

"நா திங்க மாட்டேன்," என்றாள் எஸ்தர்.

"உனக்காகத்தான இவ்வளவும்!" என்று யாக்கோபு கத்தினான்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பகல் முழுக்க இன்பமேரி அந்த அரிசியோடு உட்கார்ந்திருந்தாள். புடைத்தாள். வண்டுகள் முறத்தின் விளிம்பைத் தாண்டி அவள் மடிமேல் ஏறின. வெந்நீரில் கொட்டினாள். கடைக்காரன் சொன்னது உண்மை, மிதந்தன. வெள்ளை நுரை மாதிரி மேலே திரண்டு வந்தவற்றை அகப்பையால் வழித்து வழித்து ஓடையில் ஊற்றினாள். கழுவக் கழுவ வந்துகொண்டே இருந்தன. நீர் தெளிந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் ஒரு மணியைக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே கறுப்பாக ஏதோ இருந்தது. இதைத்தான் தன் பிள்ளைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் பண்டிகைச் சோறாகப் போடப் போகிறோம் என்று நினைத்தபோது, அருவருப்பு புழுவின் மேல் இல்லாமல் தன் கையின் மேல் வந்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. கழுவி, துணியில் பரத்தி, உலர வைத்தாள்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்து அடுப்பு மூட்டினாள். நல்ல அரிசி நெய்யும் ஏலக்காயும் சேர்ந்து கொதித்தபோது வந்த மணத்துக்கு லயத்துப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். பக்கத்து அடுப்பில் மற்ற பானை கொதித்தது. அதிலிருந்தும் ஆவி வந்தது. அவள் மூடியைத் திறக்காமலேயே வைத்திருந்தாள்.

சென்னிமலை வந்தார். வெள்ளை வேட்டி, கம்பளி ஸ்வெட்டர், தோளில் ஒரு துணிப்பை. யாக்கோபு விரித்த பாயில் உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரையும் டம்ளரையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"தப்பா நெனச்சுக்காதே யாக்கோபு. வேற தண்ணி குடிச்சா நமக்குத் தொண்டை கட்டிக்கும். எலையாப் போட்டுரு, தட்டு வேண்டாம்."

இன்பமேரிக்குப் புரிந்தது. வாழையிலையைக் கழுவிப் போட்டு நெய்ச்சோற்றை வைத்தாள். குழம்பை ஊற்றினாள். குழம்புக்கு அவருக்குத் தொண்டை கட்டவில்லை. முழங்கை வரை வழிந்ததை நக்கி எடுத்துக்கொண்டு சாப்பிட்டார். எலும்பைக் கடித்து உடைத்து உறிஞ்சினார். அந்தச் சத்தம் அடுக்களை வரை கேட்டது. சப்பிய எலும்புகளை இலையின் விளிம்பிலேயே துப்பினார். சேவலின் ஒரு கால் போனது, இன்னொரு காலும் போனது. சோறு கேட்டார், வைத்தாள். மறுபடி கேட்டார், வைத்தாள். பின்வாசலில் முத்துப்பேச்சி ஒரு பாத்திரத்தில் வேகவைத்த கப்பக்கிழங்கோடு வந்து நின்றுகொண்டிருந்தாள். எஸ்தர் சுவரோடு ஒட்டி நின்று, அப்பா கண்டக்டருக்கு விசிறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிசம்பர் குளிரில் விசிறி.

"கைப்பக்குவம் நல்லாருக்குது அம்மிணி," என்றார் சென்னிமலை. "அரிசி எங்க வாங்குனது?"

"ராவுத்தர் கடைல சார்," என்றான் யாக்கோபு முந்திக்கொண்டு. "சலுகைப் பையும் ஒண்ணு வாங்குனோம். அது..."

சென்னிமலை சிரித்தார். வாயில் சோறு இருந்தது. "அட, அதையா வாங்குனீங்க? அது நம்ம மச்சானோட கடைதானப்பா. கொச்சிப் பக்கம் குடோன்ல தண்ணி பூந்து கெடந்த சரக்கு. கழிக்கறதுக்கு வெச்சிருந்தானுக. நான்தான் மச்சாங்கிட்டச் சொன்னேன், எடுத்துப் போடு, பண்டிகை வருது, லயத்துல எல்லாம் போயிரும்னு. பாரு, மூணு நாளுல பாதிக்கு மேல தீந்துபோச்சு. நீ முன்னாடியே கேட்டிருந்தா உங்கிட்டச் சொல்லியிருப்பேன்."

"புழு இருந்துச்சு சார்," என்றான் யாக்கோபு மெதுவாக. குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை.

"இருக்கும். வயித்துக்கு ஒண்ணும் பண்ணாதப்பா. உங்களுக்கெல்லாம் பழக்கந்தானே. அம்மிணி, இன்னுங் கொஞ்சம் சோறு."

நல்ல பானையில் சோறு இல்லை. யாக்கோபு திரும்பி மனைவியைப் பார்த்தான். அவன் கண்ணில் கெஞ்சல் இருந்தது. எதையாவது சொல்லிச் சமாளி என்ற கெஞ்சல்.

இன்பமேரி உள்ளே போய் மற்ற பானையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூடியைத் திறந்தாள். அகப்பை நிறைய அள்ளி, மிச்சக் குழம்பின் மேலேயே இலையில் கொட்டினாள்.

சோறு பழுப்பாக இருந்தது. வாடை முதலில் எட்டியது. சென்னிமலையின் கை நின்றது. அவள் எவ்வளவோ கழுவியும் தப்பியிருந்த ஒரு புழு, வெந்து சுருண்டு, சோற்றின் மேலே மற்றொரு பருக்கைபோல் கிடந்தது.

"என்ன இது?"

"உங்க மச்சான் கடை அரிசி சார். நாங்க திங்க வச்சிருந்தது. வயித்துக்கு ஒண்ணும் பண்ணாது."

சென்னிமலையின் முகம் கறுத்தது. அவர் எழுவதற்குள் யாக்கோபு விசிறியைக் கீழே போட்டுவிட்டு முட்டிபோட்டு உட்கார்ந்தான். இலையைத் தன் பக்கம் இழுத்தான்.

"நல்ல சோறுதான் சார். அவளுக்குக் கிறுக்கு. பாருங்க, நா திங்கேன். பாருங்க சார்."

அள்ளி வாயில் போட்டான். புழுவையும் சேர்த்தே அள்ளினான். இலையில் அவர் சப்பித் துப்பிய எலும்புகள் கிடந்தன, அவர் எச்சில் கிடந்தது. அதையெல்லாம் ஒதுக்கக்கூட அவன் நேரம் எடுக்கவில்லை. மென்று விழுங்கிவிட்டு, சிரித்துக்கொண்டு இன்னொரு கை அள்ளினான். பல்லிடுக்கில் சோறு தெரிந்தது.

"அட ச்சீ," என்றார் சென்னிமலை. அவர் எழுந்துவிட்டார். பாட்டில் தண்ணீரில் வாசலில் கையைக் கழுவினார், பையை எடுத்துக்கொண்டார். யாக்கோபை ஒரு தடவை திரும்பிப் பார்த்து மறுபடியும் "ச்சீ" என்றார். இறங்கிப் போய்விட்டார்.

யாக்கோபு இன்னும் தின்றுகொண்டிருந்தான். எஸ்தர்தான் வந்து இலையை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். "அப்பா, போதும். போயிட்டாரு. போதும்ப்பா." அவள் அழுதாள்.

இன்பமேரி பின்வாசலைத் தாண்டிப் போய் ஓடைக்கரையில் குனிந்து வாந்தி எடுத்தாள். முத்துப்பேச்சி அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். பிறகு இருவரும் சேர்ந்து அந்தப் பானையைச் சோறோடு தூக்கிப் போய்க் குழிதோண்டிக் கொட்டினார்கள். கோழிகள்கூடத் தொடக் கூடாது என்று மேலே மண்ணைப் போட்டு மிதித்தார்கள். அன்றைக்குப் பிள்ளைகளும் அவர்களும் கப்பக்கிழங்கில் மிச்சக் குழம்பைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். யாக்கோபு சாப்பிட வரவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

கண்டக்டர் சொன்னதைப் பின்வாசலிலிருந்து கேட்டிருந்த முத்துப்பேச்சி, மறுநாள் காலையில் பிரட்டுக்களத்தில் எல்லோரும் வேலைக்கு வரிசையில் நிற்கும்போது அதை உரக்கச் சொன்னாள். பை வாங்கியவர்கள் அந்த மலையில் நிறையப் பேர் இருந்தார்கள். வேலை விட்டதும் பெண்கள் கூட்டமாகக் கடைத்தெருவுக்கு இறங்கி, மிச்சமிருந்த பைகளைப் புதுக் கடையின் படியில் கவிழ்த்தார்கள். கடைக்காரன் கதவைச் சாத்திக்கொண்டான். புழுக்கள் படியிலிருந்து ரோட்டுக்கு இறங்கின. பஸ்ஸுக்கு நின்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகினார்கள். காசு ஒருவருக்கும் திரும்பவில்லை. விற்காத பைகள் ஜீப்பில் ஏறி மேலே வேறு தோட்டங்களுக்குப் போயின, பொங்கல் சலுகையாக.

எஸ்தர் பெயர் பட்டியலில் வரவில்லை. அவள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. குமுளியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்து, தெரிந்தவர்கள் வீட்டில் தங்கிக்கொண்டாள். இன்பமேரியைத் தூரத்து மலைக்கு மாற்றினார்கள். அட்டை அதிகம், கொழுந்து குறைவு. அவள் போய்வந்தாள்.

வீட்டில் அவளுக்கு ஒரு தொல்லை பிடித்தது. யாக்கோபு சாப்பிடும்போது அவளால் பார்க்க முடியவில்லை. சோற்றை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். அவன் மெல்லும் சத்தம் அங்கேயும் கேட்டால் பின்வாசலுக்கு இறங்கிவிடுவாள். அவனும் தெரிந்துகொண்டு, வேகவேகமாகத் தின்றுவிட்டு எழுந்துவிடுவான். இருபது வருஷம் கூட வாழ்ந்த மனிதனிடம் இப்படி ஓங்கரிப்பு வருகிறதே என்று அவளுக்கே அழுகை வந்தது. ஆனால் அழுவதால் அது போகவில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தபோது யாக்கோபு அவனாகப் பேசினான்.

"அன்னைக்கு அந்தச் சோத்தத் தின்னேன்ல..."

"அந்தப் பேச்ச விடுங்க."

"இல்ல மேரி, கேளு. நீ வாந்தி எடுத்த. எஸ்தரு அழுதா. அந்தாளுகூட ச்சீன்னான். எனக்கு ஒண்ணுமே ஆகல. கொமட்டவே இல்ல. அவரு எந்திரிச்சிரக் கூடாதேங்கது ஒண்ணுதான் மனசுல இருந்துச்சு. அது எனக்கே பயமா இருக்கு."

பனி விலகாத பாதையில் இருவரும் கோயில்வரை நடந்தார்கள். அன்று மத்தியானம் அவனுக்குச் சோறு வைத்துவிட்டு அவளும் எதிரில் உட்கார்ந்தாள். அவன் வாயைப் பார்க்க இன்னமும் கூசியது. குனிந்து தன் தட்டைப் பார்த்துக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை.